ராயபுரத்து ஈஸ்டர்: சாம்பல் புதன் முதல் கரி நெருப்பில் சுட்ட மீன் வரை

எங்கள் ஊர்ப் பெயருக்குள்ளேயே ஒரு மீனவர் இருக்கிறார். பேதுருவைப் பழைய கத்தோலிக்கத் தமிழில் இராயப்பர் என்பார்கள். அந்த இராயப்பரால்தான் இது ராயபுரம் ஆனது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கப்பலுக்கும் கரைக்கும் இடையே படகு வலித்துப் பிழைத்த மக்கள் 1829இல் எழுப்பிய புனித பேதுரு கோயில் இன்றும் எங்களுக்கு அடையாளம். அதனாலோ என்னவோ, ஈஸ்டர் என்றதும் எனக்கு முதலில் காலிக் கல்லறை ஞாபகத்துக்கு வருவதில்லை. யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரம்தான் வரும். இராயப்பரும் கூட்டாளிகளும் ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் சிக்கவில்லை. விடியற்காலையில் கரையில் ஒருவர் கரி நெருப்பு மூட்டி, மீனும் ரொட்டியும் சுட்டு வைத்துக்கொண்டு, "உணவருந்த வாருங்கள்" என்று கூப்பிடுகிறார். உயிர்த்தெழுந்தவர் தம் கையால் சமைத்துப் போட்ட காலைச் சாப்பாடு அது.

நான் ஈஸ்டர் கொண்டாடுவது அந்தச் சாப்பாட்டை மையமாக வைத்துத்தான். ஆனால் அதற்குப் பசி வேண்டும், பசி வர 40 நாள் வேண்டும். சனிக்கிழமை வரை சும்மா இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு மட்டும் உட்கார்ந்தால் அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான். புதிதாகக் குடும்பம் தொடங்கியவர்களும், ஊரை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்ட எங்கள் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டே இருப்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

நாள் குறிப்பது

கிறிஸ்துமஸ் மாதிரி ஈஸ்டருக்கு நிலையான தேதி கிடையாது. மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்பது திருச்சபையின் கணக்கு. ஆகவே மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் அது இருக்கலாம். 2027இல் மார்ச் 28, 2028இல் ஏப்ரல் 16. அதிலிருந்து 46 நாள் பின்னால் எண்ணினால், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வரும். 40 நாள் தவம் என்று சொல்லிவிட்டு 46 எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளும் உயிர்ப்பின் நாட்கள் என்பதால் அவற்றைத் தவக் கணக்கில் சேர்ப்பதில்லை.

காலண்டரில் இன்னொரு தேதியையும் பாருங்கள்: ஏப்ரல் 15. அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவரும் மீன்தான் அப்போது கிடைக்கும், விலையும் ஏறிவிடும். 2027இல் கவலை இல்லை. 2028இல் ஈஸ்டர் வருவதே தடையின் இரண்டாம் நாள். விருந்தில் என்ன மீன் என்று அந்த வருடம் முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கும்.

சாம்பலும் உண்டியலும்

சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல், போன வருடத்துக் குருத்தோலைகளை எரித்து எடுத்தது. அதனால் அதற்கு முந்தின ஞாயிறே, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்த காய்ந்த ஓலைச் சிலுவையை எடுத்துக் கோயிலில் கொடுத்துவிடுங்கள். குப்பையில் போடக் கூடாது.

கத்தோலிக்கர்களுக்கு விதி இது: சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பு நாட்கள், ஒரு வேளை மட்டுமே முழுச் சாப்பாடு. 18 வயது முடிந்தவர்கள் முதல் 59 வயது வரை இது பொருந்தும். 14 வயது முடிந்தவர்கள் அந்த இரண்டு நாளும், தவக்காலத்து வெள்ளிக்கிழமைகள் எல்லாவற்றிலும் இறைச்சி தொடக் கூடாது. மீனுக்குத் தடை இல்லை. ஆனாலும் எங்கள் ஆயா 40 நாளும் கவிச்சியே சமைக்க மாட்டார். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் குடும்பங்களில் இதையே லெந்து நாட்கள் என்பார்கள். அங்கே கட்டாய விதி கிடையாது. அவரவர் ஒன்றை விட்டுக்கொடுப்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் லெந்து அனுசரிப்பதே இல்லை. ஒரே தெருவில் மூன்று வழக்கமும் இருக்கும், அதில் சண்டைக்கு வேலை இல்லை. சர்க்கரை வியாதி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் நோன்பை விடலாம்.

இந்த நாட்களில் நான் மிகவும் முக்கியமாக நினைப்பது உண்டியலைத்தான். பங்குக் கோயில்களில் பிள்ளைகளுக்கு அட்டையில் செய்த தவக்கால உண்டியல் கொடுப்பார்கள். கிடைக்காவிட்டால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். கறி வாங்காத வெள்ளிக்கிழமை, அந்தக் கறிக் காசு அதற்குள் விழ வேண்டும். டீயை விட்டால் டீக்காசு. விட்டுக்கொடுத்ததை நம் பர்ஸிலேயே மிச்சம் பிடித்தால் அது சிக்கனம்தான், தவம் ஆகாது. இந்தப் பணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப்பாதை. மொத்தம் 14 நிலைகள். சிறு பிள்ளைகள் அலுத்துப்போவார்கள். நிலைக்கு ஒருவராக அவர்கள் கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னால் நிற்பார்கள்.

குருத்தோலை ஞாயிறு

எருசலேமில் இயேசுவை வரவேற்றது பேரீச்ச மரத்து ஓலையோடு. நமக்கு வாய்த்தது தென்னை. விரியாத இளமஞ்சள் குருத்து அது. கோயிலிலேயே தருவார்கள் என்றாலும் சிலுவை பின்னத் தெரிந்திருப்பது நல்லது. ஓலையின் ஈர்க்கை உருவிவிட்டு, ஒரு விரல் அகலத்தில் மூன்று கீற்றாகக் கிழியுங்கள். நீளமானது ஒரு சாண், அடுத்தது அதில் பாதி. நீளக் கீற்றின் மேல் மூன்றில் ஒரு பங்கு இறக்கத்தில் குட்டையானதைக் குறுக்கே வையுங்கள். மூன்றாவது மெல்லிய கீற்றால் சந்திப்பில் இரண்டு பக்கமும் மூலைவாட்டாகச் சுற்றி, நுனியைப் பின்பக்கச் சுற்றுக்குள் நுழைத்து இழுத்தால் இறுகிவிடும். முடிச்சே வேண்டாம். வேலை முடியும்வரை ஓலையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், காய்ந்தால் ஒடியும்.

அன்றைய பூசையில் ஓசன்னா பாடி முடித்த கையோடு இயேசு பட்ட பாடுகளின் வரலாறு முழுவதும் வாசிக்கப்படும். அரை மணி நேரத்துக்குள் வரவேற்ற கூட்டமே "சிலுவையில் அறையும்" என்று கத்துகிறது. அதைப் பிள்ளைகளுக்கு விளக்காமல் விடாதீர்கள்.

பெரிய வியாழனும் பெரிய வெள்ளியும்

வியாழன் மாலை, கடைசி இராவுணவின் நினைவு. சாமியார் பன்னிரண்டு பேர் பாதங்களைக் கழுவுவார். உன்னதங்களிலே என்ற புகழ்ப்பாட்டைப் பாடும்போது மணி எல்லாம் ஒலிக்கும். பிறகு சனி இரவு வரை மணிக்கு வாய் கிடையாது, மரக்கட்டைதான் தட்டுவார்கள். பூசை முடிந்ததும் பீடத்துத் துணிகளை உருவிவிடுவார்கள். அந்த வெறும் கல்லைப் பார்க்கும்போது எனக்கு இத்தனை வயதிலும் தொண்டை அடைக்கிறது.

அன்று இரவு நள்ளிரவு வரை நற்கருணை ஆராதனை. ஏழு கோயில் சந்திக்கும் பழைய வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இளைஞர்கள் பைக்கில் கிளம்பிவிடுவார்கள். எல்லா ஏழையும் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட மூன்றில் நிதானமாக உட்காருவது மேல் என்பது என் கருத்து. ராயபுரத்தில் தொடங்கி, பாரிமுனையில் ஆர்மீனியன் தெரு புனித மரியன்னை இணைப்பேராலயம், பிறகு பெரம்பூர் லூர்து அன்னை. அது போதும்.

வீட்டில் அதே இரவு இன்னொரு அழகான வழக்கம் பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கத்து மலையாளி சுரியானிக் கிறிஸ்தவக் குடும்பங்களில் உண்டு. அரிசி மாவும் உளுந்தும் கலந்து, புளிக்க வைக்காமல் அவித்த பெசகா அப்பம். மேலே சின்னக் குருத்தோலைச் சிலுவை. தேங்காய்ப் பாலும் வெல்லமும் காய்ச்சிய பாலோடு குடும்பத்தில் மூத்தவர் பிட்டு ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். ஒரு முறை பக்கத்து வீட்டுச் சேச்சி எங்களையும் உட்காரவைத்தார். அப்போதுதான், பாஸ்கா என்ற யூதர்களின் விடுதலைத் திருநாள் முதலில் ஒரு வீட்டுச் சாப்பாடு என்பது எனக்கு உறைத்தது.

பெரிய வெள்ளியன்று கத்தோலிக்கக் கோயில்களில் பூசை கிடையாது. வருடத்தில் பூசை இல்லாத நாள் அது. யோவான் எழுதிய பாடுகள், சிலுவையை முத்தமிடுதல், நற்கருணை, அவ்வளவுதான். சிஎஸ்ஐ ஆலயங்களில் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் தனித்தனி செய்தி இருக்கும். வெளியாட்களுக்கு ஒரு விண்ணப்பம்: அன்று யாருக்கும் ஹேப்பி குட் ஃப்ரைடே என்று அனுப்பாதீர்கள். எங்களுக்கு அது துக்க நாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கஞ்சி. வெயிலில் நின்றவர்களுக்கு அதைவிடச் சிறந்த உணவு இல்லை. எங்கள் வீட்டில் இருபது பேருக்குக் காய்ச்சுவோம், அளவு சொல்கிறேன். பச்சரிசி நொய் ஒரு கிலோ, பாசிப்பருப்பு கால் கிலோ. பருப்பை மட்டும் வாசம் வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். பத்து லிட்டர் தண்ணீர் கொதித்ததும் நொய், பருப்பு, இரண்டு ஸ்பூன் வெந்தயம், உரித்த பூண்டு நான்கு முழுசு, தட்டிய இஞ்சி ஒரு துண்டு எல்லாவற்றையும் போட்டு, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். அரிசி மலர்ந்து குழைந்ததும் உப்புப் போட்டு, இரண்டு தேங்காயின் பால் ஊற்றி, ஒரு கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் பால் திரியும். ஆற ஆறக் கெட்டியாகும் என்பதால் கொஞ்சம் நீர்க்கவே இறக்குங்கள். தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல், கிளிமூக்கு மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த் தூளும். அப்பளம் வேண்டாம். அது விருந்தாகிவிடும்.

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு இதே நாளில் சிலுவை போட்ட பன். ரயில்வே வேலையோடு பெரம்பூரில் வேர்விட்டவர்கள் அவர்கள். அந்த பன்னை இன்று பேக்கரிகளிலும் வாங்கலாம். வீட்டில் செய்ய அரைக் கிலோ மைதா, 7 கிராம் ஈஸ்ட், 75 கிராம் சர்க்கரை, 50 கிராம் வெண்ணெய், ஒரு முட்டை, ஒரு ஸ்பூன் உப்பு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பால், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய்ப் பொடி, ஒரு கை நிறையக் கறுப்புத் திராட்சை. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கையில் ஒட்டாத பதம்வரை நன்றாகப் பிசையுங்கள். புத்தகங்களில் ஒரு மணி நேரம் உப்ப விடச் சொல்வார்கள். நம் ஊர் மார்ச் வெயிலில் நாற்பது நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும், விட்டால் புளிக்கும். பன்னிரண்டு உருண்டையாக்கி, இன்னும் இருபது நிமிடம் வையுங்கள். மைதாவைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, பால் கவரின் முனையை வெட்டி அதன்வழியே சிலுவை வரைந்து, 190 டிகிரியில் இருபது நிமிடம் சுடுங்கள். வெளியே எடுத்ததும் சூட்டோடு சர்க்கரைப் பாகைத் தடவ வேண்டும்.

சனிக்கிழமை: முட்டையும் திரியும்

பலரும் கைவிட்டுவிடும் நாள் இது. பகலில் எந்த வழிபாடும் இல்லை, அதனால் டிவி ஓடும். தயவுசெய்து அதை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முட்டைக்கு நிறம் ஏற்றுங்கள்.

முட்டை கல்லறைக்கு அடையாளம். வெளியே அசைவில்லாத ஓடு, உள்ளே உயிர். கிழக்குத் திருச்சபைகளில் சிவப்பு முட்டைதான் மரபு, கிறிஸ்துவின் இரத்தத்தைக் குறிக்கும் சிவப்பு. ஆர்மீனியர்கள் அதை வெங்காயத் தோலில் ஏற்றுவார்கள். பாரிமுனையில் அவர்கள் 1772இல் கட்டிய கோயில் இருக்கிற தெருவுக்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. அந்தச் சமூகம் இங்கே இல்லாமல் போனாலும் அவர்கள் முறையில்தான் நான் செய்கிறேன். சாயப் பொடி எதுவும் வேண்டாம்.

பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோலை ஒரு வாரம் சேர்த்து வையுங்கள். ஒரு பாத்திரம் நிறைய வேண்டும். காய்கறிக் கடைக்காரரிடம் கேட்டால் பையோடு தருவார். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறவைத்து, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் ஊற்றுங்கள். வெள்ளை முட்டைகளை அந்தத் தண்ணீரிலேயே போட்டு மெதுவான தீயில் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து, அப்படியே ஆறவிடுங்கள். ஓட்டின் மேல் ஒரு கொத்தமல்லி இலையை ஒட்டி, பழைய மெல்லிய துணியில் இறுக்கிக் கட்டி வேகவைத்தால் இலை இருந்த இடம் மட்டும் வெளுத்து நிற்கும், பிள்ளைகளுக்கு அது அதிசயம். துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் செம்பு மாதிரி மின்னும். நாட்டுக்கோழி முட்டை இதற்கு ஆகாது, ஓட்டின் பழுப்பில் நிறம் தெரியாது. வெந்த முட்டையை நம் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

இனிப்பு முட்டைக்கு இங்கே பாதாம் இல்லை, முந்திரிதான். முந்திரி கத்லி செய்யத் தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. அதே பதத்தில் ரோஜாப் பன்னீர் ஒரு ஸ்பூன் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அழுத்தி, இரண்டு பாதியையும் ஒட்ட வேண்டும்.

மாலைக்குள் மீனும் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஞாயிறு காலை காசிமேடு போகலாம் என்று நினைக்காதீர்கள். சாதாரண ஞாயிறே அங்கே நிற்க இடம் இருக்காது. சனி விடியற்காலை போய் சங்கரா வாங்குங்கள். கை இறுக்கமாக இருந்தால் கவளை, சுடுவதற்கு அதன் கொழுப்பே ருசி. கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, விரலால் அழுத்தினால் குழி விழாமல் இருக்க வேண்டும். சுத்தம் செய்து, இரண்டு பக்கமும் கீறி, உப்பு, மிளகாய்த் தூள், மிளகு, பூண்டு விழுது தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். எலுமிச்சையைச் சுடுவதற்கு முன் பிழிந்தால் போதும். ராத்திரி முழுக்க ஊறினால் சதை மாவாகிவிடும்.

இரவு பாஸ்கா திருவிழிப்பு, உயிர்ப்பை எதிர்பார்த்து விழித்திருக்கும் வழிபாடு. எத்தனை மணிக்கு என்று உங்கள் பங்கில் கேட்டுக்கொள்ளுங்கள். கோயில் வெளியே புது நெருப்பு மூட்டி, பெரிய பாஸ்கா திரியில் சிலுவையும் அந்த வருடத்து எண்ணும் கீறி, ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகள் பதிப்பார்கள். கிரேக்கத்தின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அதில் இருக்கும். திருவிவிலியத்தில் அந்த வசனம் "அகரமும் னகரமும் நானே" என்று வருகிறது. அ முதல் ன வரை. நம் எழுத்திலேயே அதைக் கேட்பது ஒரு தனி சந்தோஷம். விளக்கெல்லாம் அணைத்த கோயிலுக்குள் அந்த ஒற்றைத் திரி நுழையும். அதிலிருந்து ஒருவர் மெழுகுவர்த்தியிலிருந்து இன்னொருவருக்கு என்று பரவி, முகம் முகமாகத் தெரிய ஆரம்பிக்கும். மெழுகுவர்த்தியை ஒரு பேப்பர் கப்பில் துளையிட்டுச் செருகிக்கொள்ளுங்கள், பட்டுப்புடவை பிழைக்கும். சொட்டிவிட்டால் காய்ந்தபின் சுரண்டி, மேலும் கீழும் பிரவுன் தாள் வைத்து லேசான சூட்டில் இஸ்திரி போட்டால் மெழுகைத் தாள் இழுத்துக்கொள்ளும்.

மணிகள் திரும்ப ஒலிக்கும்போது பிள்ளைகள் தூங்கியிருந்தால் எழுப்பிவிடுங்கள். அதை அவர்கள் கேட்க வேண்டும்.

ஞாயிறு: கரி நெருப்பு

சீர்திருத்த சபைகளில் இருட்டு பிரியும் முன்பே அதிகாலை ஆராதனை. முடிந்ததும் சில குடும்பங்கள் காசிமேடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வருவார்கள். உயிர்ப்பு நாளில் இறந்தவர்களிடம் போவது சரியானதுதான்.

எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு மொட்டை மாடியில். இரும்பு அடுப்பில் கரியைப் போட்டு, தணல் மேல் சாம்பல் பூத்ததும் கம்பி வலையில் வாழையிலையைப் போட்டு மீனைப் பரப்புங்கள். பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம். கவளைக்கு மூன்று போதும். கூடவே பன் ரொட்டியையும் வாட்டிக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மூடிய சமையலறையிலோ பால்கனியிலோ கரி மூட்ட வேண்டாம், அந்தப் புகை ஆபத்து. தோசைக்கல்லில் இலை போட்டுச் சுட்டாலே போதும்.

மீன் வேகும்போது ஒருவர் யோவான் 21ஐ வாசிக்கட்டும். வலையில் 153 மீன் என்று எண்ணிச் சொல்லியிருப்பதை எங்கள் மாமா ரசிப்பார். கரைக்கு வந்ததும் எண்ணாமல் விடுவானா மீன்காரன் என்பார். எனக்கு அந்தக் கரி நெருப்புதான். யோவான் நற்செய்தியில் அது இரண்டு இடத்தில் வருகிறது. முதல் தடவை, தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டே இராயப்பர் அவருடைய சீடன் நான் இல்லை என்கிறார், சேவல் கூவுகிறது. இரண்டாம் தடவை இந்தக் கரையில். மூன்று முறை மறுத்தவரிடம் மூன்று முறை "என்மீது அன்பு உண்டா" என்று கேட்கிறார் இயேசு. திட்டவில்லை, முதலில் சாப்பிட வைக்கிறார். எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இரண்டு பேர் இந்தத் தணல் பக்கத்தில்தான் மறுபடியும் பேசிக்கொண்டார்கள். அதனால் இந்தக் காலைச் சாப்பாட்டுக்கு, நீங்கள் மனஸ்தாபத்தில் இருக்கும் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

மதிய பிரியாணிக்கு நான் செய்முறை எழுதப் போவதில்லை. வடசென்னையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கை இருக்கிறது, இல்லாவிட்டால் தேக்சா கணக்கில் செய்துகொடுக்கும் பாய் இருக்கிறார். ஆங்கிலோ இந்திய வீடுகளில் தேங்காய்ப் பாலில் வெந்த மஞ்சள் சாதமும் கைமா உருண்டைக் குழம்பும் காரச் சட்னியும். யாராவது கூப்பிட்டால் விடாதீர்கள்.

உண்டியலை உடைக்கும் நேரம் இப்போது. எண்ணிப் பார்த்து, அந்தப் பணத்துக்கு எத்தனை பொட்டலம் வருமோ அத்தனையும் கட்டுங்கள். தெருக் கோடியில் தனியாக இருக்கும் கிழவி, வாட்ச்மேன், குப்பை வண்டி அண்ணன், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் பண்டிகையே இல்லாமல் போன வீடு. பொட்டலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புங்கள், ஒரு சிவப்பு முட்டையும் சேர்த்து. ரம்ஜானுக்கு நமக்குப் பாத்திரம் அனுப்பிய வீட்டுக்கு முதல் பாத்திரம் போக வேண்டும், அதைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது.

சாப்பாடு முடிந்து ஓய்ந்ததும் அந்தக் குருத்தோலைச் சிலுவையைத் தேடி எடுங்கள். மேசை மேலோ புத்தகத்துக்குள்ளோ கிடக்கும். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வையுங்கள். சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு கோயிலில் கேட்பார்கள்.